தண்ணீர் நின்ற வேளையில் வந்த சம்பந்தி

"மார்லீஸ்! சீக்கிரம் வாடி!"

தலை நிறைய ஷாம்பு நுரையோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள் வெசெலா. "குழாய்ல தண்ணி நின்னுபோச்சு. என் பொண்ணு எலித்ஸாவோட கல்யாணம் பேச, மாப்பிள்ளையோட அம்மா இப்ப வந்துடுவாங்க!"

மார்லீஸ் இரண்டு வாளித் தண்ணீரோடு வெசெலா வீட்டுக்குள் வந்தாள். "காலையிலயே ரேடியோவுல சொன்னாங்களே! நான் அப்பவே பிடிச்சு வெச்சுட்டேன். குனி."

"என்ன ஊரோ இது! இந்த சோஃபியா நகரத்துல மனுஷன் எப்படித்தான் குடியிருக்கிறது?" குனிந்தபடியே அலுத்துக்கொண்டாள் வெசெலா.

"புலம்பாதே. போகப் போகப் பழகிடும்."

இந்தப் பேச்சைக் கேட்டபடியே, திறந்திருந்த கதவு வழியாகப் பூங்கொத்தோடு ஒரு பெண்மணி உள்ளே வந்தார். வாளியும் குவளையுமாக நின்ற மார்லீஸை ஆசையோடு கட்டிக்கொண்டார்.

"சம்பந்தி! எதிர்வீட்டுல ஒரு வெளிநாட்டுக்காரி இருக்காங்கன்னு என் பையன் சொன்னான். தலையில நுரையோட இருக்கிற இவங்கதானா? பாவம், எந்த நாட்டுல இருந்து வந்தாங்களோ, நம்ம ஊர்ல வந்து இப்படித் தவிக்கிறாங்க!"

வெசெலா கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நான்தாங்க பொண்ணோட அம்மா! பொறந்ததே இந்தத் தெருவுலதான். இவதான் ஹாலந்துக்காரி!"

மூவரும் வெடித்துச் சிரித்தார்கள். சம்பந்தியம்மா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, மார்லீஸிடமிருந்து குவளையை வாங்கினார்.

"குனிங்க சம்பந்தி, மீதியை நான் ஊத்துறேன்."