வாய் திறக்காதவள்

முக்காலியில் உட்கார்ந்து, அவளுடைய கணுக்காலைக் கணவர் இரண்டு கையாலும் பிடித்தார்.

கட்டில் விளிம்பிலிருந்து கால் தொங்கியது. மூட்டு மாற்றிய முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. நடுவில் நீளமாகத் தையல் தழும்பு.

அவர் மெல்லப் பின்னால் தள்ளினார்.

அவள் சன்னலைப் பார்த்தாள்.

வெளியே கொடியில் அவருடைய வேட்டி. அவரே துவைத்தது. உதறாமல் போட்டிருந்தார். சுருக்கத்தோடுதான் காயும்.

இன்னும் கொஞ்சம் தள்ளினார்.

தொடை கல்லாக இறுகியது. கால் அதற்கு மேல் போகவில்லை.

நாளைக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த முறையும் மடங்காவிட்டால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய், மயக்கம் கொடுத்து, மடக்கிவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூட்டில் குறை ஒன்றும் இல்லையாம்.

காலையில் வந்த பிசியோதெரபிப் பெண் தொடையில் கை வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.

“வலியை அடக்கறீங்கம்மா. அடக்க அடக்கச் சதை இறுகுது, அப்புறம் எப்படி மடங்கும்? வலிச்சா வாயத் தொறந்து சொல்லுங்க. சார் அங்கயே நிறுத்திக்குவாரு. நிறுத்துவாருன்னு தெரிஞ்சாத்தான் கால் எளகும்.”

பிறகு வலி மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். பாதி அப்படியே இருந்தது.

“தாங்கற அளவுலதான் இருந்துச்சு, கண்ணு” என்றாள் இவள்.

அந்தப் பெண் போனதும் அவரே ஒரு மாத்திரையைப் பிரித்துக் கொடுத்தார். அவள் விழுங்கும்வரை எதிரிலேயே நின்றார்.

அவளுக்குச் சொல்லக்கூடாது என்றில்லை.

ஆனால் இந்தக் காலுக்காகச் சொல்லிவிட்டால், இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததெல்லாம் என்ன ஆவது?

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு.

“எம்பட ஊட்டுக்காரி ரெண்டு பெத்தா. பக்கத்து ரூமுக்குச் சத்தம் கேக்கலியே.”

சொல்லும்போது அவர் முகம் மினுங்கும். அவளும் காபி டம்ளர்களை எடுக்கும் சாக்கில் அங்கேயே நிற்பாள். கேட்கப் பிடிக்கும்.

சேலைத் தலைப்பைக் கடித்த கடியில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போனது.

அது கதையில் வராது. அவருக்குத் தெரியாது.

அவர் மீண்டும் தள்ளினார்.

மெத்தை விரிப்பு அவள் கைக்குள் சுருண்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பழக்கம்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கதை சொல்லும் முகம் இல்லை அது. பயந்த முகம்.

“ஏம்புள்ள, நீ சொல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?”

கேட்டுவிட்டு, கேட்ட கேள்வி தன் மேலேயே விழுந்ததுபோல அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நரைத்த உச்சி. எண்ணெய் வைக்காமல் பறந்தது.

அவள் வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

“வலிக்குதுங்க.”

அவர் கை நின்றது.

விடவில்லை. தள்ளவும் இல்லை. காலை ஏந்தியபடி அப்படியே இருந்தார்.

தொடைக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. கால் தானாகவே கொஞ்சம் உள்ளே போனது. நேற்றுவரை போகாத இடம்.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

சற்றுப் பொறுத்து அவர் மறுபடி தள்ளினார். பூவைத் தள்ளுவதுபோல.

இந்த முறை வலிக்கவில்லை.

இருந்தாலும் அவள் சொன்னாள், “வலிக்குதுங்க.”

அவர் நிறுத்தினார்.