அட்டைப் படத்துக்கு ஓர் அழுகை

“இந்தம்மாவுக்கு அழுகையே வராதா?” என்றாள் அவள், ரெக்கார்டரை நிறுத்திவிட்டு.

“ஒண்ணே முக்கால் மணி நேரமாச்சு,” என்றான் வகுப்புத் தோழன் ஒல்லி. கேமரா அவன் மடியில் சும்மா கிடந்தது.

தண்ணீர்த் தொட்டி கழுவும் அக்கா, டீ போட உள்ளே போயிருந்தார். மாடி மாடியாக ஏறி, தொட்டிக்குள் இறங்கி, பாசி சுரண்டிக் கழுவுகிற வேலை. முன்பு கணவரும் கூடவே ஏறினார். நாலு வருஷத்துக்கு முன், மேலிருந்து விழுந்துவிட்டார்.

“கால் வழுக்கிச்சு, விழுந்தாரு, போயிட்டாரு. பத்து நாள் கழிச்சு நானே ஏறிட்டேன். தொட்டி அழுக்காத்தானே கிடக்கும்?”

பால்காரர் இன்னும் வரவில்லை என்று சொல்வோமே, அந்தக் குரலில்தான் அக்கா அதைச் சொல்லியிருந்தார்.

“கல்லு மனசுடா,” என்றாள் அவள். “நாளைக்குக் காலைல அச்சுக்குப் போகணும். அட்டைக்குப் படமே இல்ல. முதல் இதழே புஸ்ஸுனு போச்சுன்னா ரெண்டாவதை எவன் தொடுவான்?”

“சிரிச்ச மாதிரி நாலு படம் இருக்கே.”

“சிரிப்பை எவன் நின்னு பார்ப்பான்?”

ஒல்லி அவளையே பார்த்தான். “பெரிய பத்திரிகையில மாணவ நிருபர் வேலையை உதறிட்டு வந்தப்ப என்ன சொன்ன? ‘ஆளை அழ வெச்சுப் படம் எடுக்கச் சொல்றாங்க, நான் மாட்டேன். நாமளே பத்திரிகை போடுவோம், நம்ம ஊர் மனுஷங்களை அவங்க போக்குல பேச விடுவோம்’னு சொன்னியா இல்லியா?”

“அது வேற.”

“எப்படி வேற?”

“அவங்க விக்கிறதுக்காக அழ வெச்சாங்க. நாம உண்மையைச் சொல்றதுக்காகக் கேக்கறோம்.”

அவளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் வகுப்பில் யாருமில்லை. ஒல்லி லென்ஸ் மூடியைக் கழற்றினான்.

“புருஷன் கடைசியா என்ன பேசினாருன்னு கேக்கறேன். உடைஞ்சிருவாங்க. விட்டுடாதே.”

டீ வந்தது. அவள் முகத்தைக் கனிவாக்கிக்கொண்டாள்.

“அக்கா, அன்னைக்கு ஏறறதுக்கு முன்னால அவர் உங்ககிட்ட கடைசியா என்ன சொன்னார்?”

அக்கா அவளைப் பார்த்தார். ஒல்லியைப் பார்த்தார். பிறகு உதடு கோணியது. கண் நிறைந்து வழிந்தது. முந்தானையை எடுத்தவர், முகத்தை மூடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

வெளியே வந்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. தெருமுனை வரைக்கும்தான்.

‘பக்கத்து வாசல்’ முதல் இதழ் ஒரே வாரத்தில் தீர்ந்துபோனது. பாராட்டுக் கூட்டத்தில் பேராசிரியர் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். “பெரிய பத்திரிகைக்காரங்களா இருந்தா கிளிசரின் போட்டு எடுத்திருப்பாங்க. இது நிஜம்! இந்தக் கண்ணீர்ல கலப்படம் இல்ல!”

கைதட்டல் அடங்க ரொம்ப நேரமானது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அக்காவைத் தேடிப் போனாள். ஏதோ ஓர் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், முழங்கால் வரை நனைந்து நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்பதென்று அவள் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். அதையே அடுத்த இதழின் ஆசிரியர் பக்கமாக எழுதிவிடலாம் என்றும் தோன்றியிருந்தது.

“அக்கா, அன்னைக்குப் பழசையெல்லாம் கிளறி உங்களை அழ வெச்சிட்டேன். மன்னிச்சிடுங்க.”

“அட, நீ எங்க கண்ணு கிளறின? அவருக்காக அழ வேண்டியதெல்லாம் தொட்டிக்குள்ள இறங்கி அழுது முடிச்சாச்சு. அங்கதான் யாருக்கும் கேக்காது.”

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினார். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்து, எட்ட வைத்துப் பார்த்தார்.

“நம்ம வீட்டுத் தடுப்பு வெறும் ப்ளைவுட்டு. நீங்க ரெண்டு பேரும் பேசினது பூரா அடுப்படிக்குக் கேட்டுச்சு. படிக்கிற பிள்ளைங்க, மொத புத்தகம்... வெறுங்கையோட போக வேண்டாமேன்னுதான் அழுதேன். சரியா வந்திருக்கா கண்ணு?”