மூன்றாவது கல்

மண்டியிட்ட பிறகுதான் பார்த்தாள்.

ரொட்டி சுடும் மண் ஓட்டின் அடியில் நேற்றுவரை இரும்பு முக்காலி இருந்தது. இன்று மூன்று கற்கள்.

மூன்றாவது கல்லின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தது. நகத்தளவு. மகள் ரொசெந்தா சின்னவளாக இருந்தபோது குழவியால் தட்டிப் பெயர்த்தது.

அவள் வீட்டு அடுப்புக் கல்.

விருந்தினர் வந்து அமர்ந்துகொண்டிருந்தார்கள். ஓலைக் கூரை, மரப் பெஞ்சுகள், வாசலில் 'மாயா சமையலறை' என்று ஒரு பலகை. குவாத்தமாலாக் காட்டின் நடுவே இருக்கும் அந்த விடுதிக்கு வருகிறவர்கள் காலையில் பறவைகளைப் பார்ப்பார்கள். மதியம் அவளைப் பார்ப்பார்கள்.

அவள் ரொட்டி தட்டுவாள். வழிகாட்டியாக இருக்கும் அவள் கணவன் மாத்தியாஸ் ஆங்கிலத்தில் விளக்குவான்.

முக்காலி படத்தில் நன்றாக விழவில்லை என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தான் மாத்தியாஸ்.

பார்த்துக்கொண்டான்.

வார நாட்களில் அவளுக்கு விடுதியிலேயே தங்கல். அவன் மட்டும் தினமும் ஆற்றைத் தாண்டி வீட்டுக்குப் போவான். சனிக்கிழமை அவள் போய்ச் சாம்பலைக் கிளறினால் உள்ளே கங்கு இருக்கும். அவன் அணையவிட்டதில்லை. அந்த ஒன்றுக்காகவே அவனுடைய மற்றதையெல்லாம் பொறுத்திருந்தாள்.

ரொசெந்தா பிறந்தபோது அவன்தான் குழி தோண்டினான். அவள் தொப்புள்கொடியை வைத்தாள். மேலே இந்தக் கற்கள்.

பெண் பிள்ளைக்கு அப்படித்தான். எங்கே போனாலும் அந்த அடுப்படிக்குத் திரும்பி வருவாள்.

ரொசெந்தா வேலை தேடி வடக்கே போனாள். எல்லையைத் தாண்டுவதற்கு முன் தொலைபேசியில் பேசினாள்.

அதன்பின் பேச்சில்லை.

அவள் மாவை உருட்டினாள். கை தானாக வேலை செய்தது.

மாத்தியாஸ் இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டியிருந்தான். வீட்டில் அவன் அதைக் கட்டுவதில்லை. கற்களைக் காட்டினான். பிறகு தன் தொப்புளை. பிறகு மண்ணை.

முன்வரிசையில் ஒருத்தி பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள்.

அந்த மண்ணுக்கு அடியில் ஒன்றும் இல்லை. அது விடுதிக்காரர்கள் லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்.

"உங்கள் மகள் இப்போது எங்கே?" என்று கேட்டாள் செருப்பைக் கழற்றியவள்.

"வீட்டில்தான். அம்மா வருவாள் என்று காத்திருக்கிறாள்" என்றான் மாத்தியாஸ்.

மகள், வீடு. ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களும் அவளுக்குத் தெரியும்.

மாவை ஓட்டில் போட்டாள். தலை நிமிராமல், தங்கள் மொழியில் கேட்டாள்.

"குழிய மூடினியா?"

சிரிப்பு மாறாமல் அவன் விருந்தினர் பக்கம் திரும்பினான்.

"இது உங்கள் வீடு, நிறையச் சாப்பிடுங்கள் என்கிறாள்."

அவர்கள் நன்றி சொன்னார்கள். காலையில் அவன் கற்றுக்கொடுத்திருந்த சொல். ஒவ்வொருவராக, குழறியபடி, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள்.

ரொட்டியை எடுப்பதுபோல் அவன் அருகில் குனிந்தான்.

"சிமெண்டே போட்டாச்சு. தரை வழவழன்னு வந்திருக்கு. மேல கேஸ் அடுப்பு. இனி நீ புகையில கண்ணக் கசக்க வேணாம். சனிக்கிழமை வந்து பாரு, அசந்துபோவ."

பொய் சொல்லும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

இது அந்த முகம் இல்லை.

"கொடி?"

"இத்தன வருஷம் மண்ணுல என்னடி மிஞ்சும்? ரொட்டி கருகுது பாரு."

ரொட்டி கருகிக்கொண்டிருந்தது.

காட்சி முடிந்ததும் வாளித் தண்ணீரை அடுப்பில் ஊற்ற வேண்டும். ஓலைக் கூரைக்காக விடுதி வைத்த விதி. தினமும் அவள்தான் ஊற்றுவாள். வீட்டு அடுப்பில் ஒருநாளும் ஊற்றியதில்லை.

வாளியை இழுத்தாள். விருந்தினர் கைபேசிகளை உயர்த்தினார்கள்.

அவள் மாவுச் சாக்கைத் தண்ணீரில் முக்கினாள். ஓட்டைத் தள்ளினாள். அது உடைந்தது. கொள்ளிகளை ஒதுக்கி மண்ணைத் தள்ளி மூடினாள். ஈரச் சாக்கை மூன்றாவது கல்லின்மேல் சுற்றினாள். சாக்கு சீறியது.

ஒன்றைத்தான் தூக்க முடியும்.

வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். சூடு துணியைத் தாண்டி வந்தது.

படி இறங்கி ஆற்றுப் பாதையில் நடந்தாள்.

பின்னால் செருப்பைக் கழற்றியவள் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

மாத்தியாஸ் ஆங்கிலத்தில் பதில் சொன்னான்.

"இதுவும் எங்கள் வழக்கம்தான்."

பெஞ்சுகள் நகர்ந்தன.

இலவ மரத் திருப்பத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் வந்துகொண்டிருந்தார்கள். வரிசையாக, பேசாமல், கோயிலுக்குள் நடப்பவர்களைப்போல. கடைசியாக மாத்தியாஸ்.

முன்னால் வந்தவள் இன்னும் வெறுங்காலோடு இருந்தாள். ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டாள். மூச்சு வாங்கியது. ஆற்றுக்கு அப்பால் கைகாட்டிச் சிரித்தாள்.

"மகள்? வீடு?"

அவள் தலையசைத்தாள்.

வரிசையின் கடைசியில் மாத்தியாஸ் நின்றுவிட்டான்.