ஒன்றுமில்லை என்றொரு நிறம்

பொலிக்ஸேனி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, லெஃப்தெரிஸ் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கை அவளுடைய மவுஸ் மேல். அவளைக் கண்டதும் திரையில் இருந்ததைச் சட்டென்று மூடிவிட்டு எழுந்தான்.

"என் மெஷின்ல உனக்கென்ன வேலை?"

"மவுஸ் ஒட்டுதுன்னு நேத்து அழுதியே, துடைச்சு வெச்சேன்." எள் ஒட்டிய வளைய ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். "நீ எல்லாம் முடிச்சாச்சுல்ல? இனிமே எதையும் தொட மாட்டியே?"

"நேத்தே முடிச்சாச்சு. ஏன் கேக்கறே?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுக் காப்பி கலக்கப் போனான்.

சும்மா கேட்கிற ஆள் கிரேக்கத் துறைமுகமான தெசலோனிகியின் சந்தையில் ஒருத்தர்கூடக் கிடையாது. ரொட்டியை வாங்கி, கடிக்காமல் மேசையோரம் வைத்தாள்.

ஆறு வருஷமாக இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. கப்பல் கம்பெனிகளுக்கு யூனிக்ஸ் என்ற பழைய கணினி முறையில் ஓடும் மென்பொருள் செய்யும் அந்த அலுவலகத்தில் ஐகான், அதாவது திரையில் சொடுக்கும் குட்டிப் படம், வரைவது இவர்கள் வேலை. முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம்; ஐகான் எடிட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்து, நங்கூரமோ கடித உறையோ கேட்டதைக் கொடுக்க வேண்டும்.

இனிமேல் ஒரு நாற்காலிதான் என்று முதலாளி அந்தூலா அம்மாள் போன வாரம் சொல்லிவிட்டார். இருவரும் ஒரே பட்டியலிலுள்ள இருபத்து நான்கு ஐகான்களை வரைய வேண்டும். இன்று பத்து மணிக்கு, பின்னணியில் கடல் படம் உள்ள பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார். யாருடையது நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை.

"எனக்கென்ன, அண்ணன் கடையில மீன் வறுப்பேன்" என்று லெஃப்தெரிஸ் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தான். கைத்திறமையில் அவன் ஒரு படி மேல் என்பது பொலிக்ஸேனிக்குத் தெரியும். அதனால் அந்தச் சிரிப்பு அவளுக்குக் குத்தலாகவே பட்டது. நூற்பாலை மூடியதிலிருந்து அவள் புருஷனுக்கு ஜன்னலோரம்தான் உத்தியோகம். வீட்டில் இரண்டு பெண்கள்.

மணி ஒன்பது ஐம்பது. தன் கோப்புறையில் என்ன போயிற்றோ என்று பட்டியலைத் தட்டிப் பார்த்தாள். இருபத்து நான்கு பெயர்களும் இருந்தன. ஒவ்வொன்றாக எடிட்டரில் திறக்க அந்தக் கிழட்டு மெஷின் அரை மணி நேரம் கேட்கும். பெயர் இருந்தால் சரக்கும் இருக்கிறது என்று கணக்கு. யூனிக்ஸ்காரர்கள் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பதில்லை.

திருடவில்லை என்றால் காப்பியடித்திருக்கிறான். அவளுக்கு முகம் சுட்டது.

ஐகான் எடிட்டரில் 'ஒன்றுமில்லை' என்று ஒரு நிறம் உண்டு. அதை வைத்த கட்டத்தில் ஒன்றும் தெரியாது, பின்னால் இருப்பதுதான் தெரியும். ஐகான் கோப்போ, பிரித்தால் வெறும் எழுத்து. எந்தக் குறிக்கு எந்த நிறம் என்று தலைப்பில் நாலு வரி இருக்கும். அதில் ஒரு வரியை மாற்றினால் படமே மாறிவிடும்.

சமையலறையிலிருந்து கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்தில் யாரும் கோப்புறையைப் பூட்டுவதில்லை; யாருடையதும் எந்த மெஷினிலும் திறக்கும். லெஃப்தெரிஸ் பெயர் போட்ட கோப்புறைக்குள் போய் ஒரே ஒரு கட்டளை அடித்தாள்: எங்கெல்லாம் கறுப்போ, அங்கெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு படத்தையும் திறக்கவில்லை. இருபத்து நான்கும் இமைப்பதற்குள் முடிந்தன.

"உனக்குச் சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்" என்று லெஃப்தெரிஸ் இரண்டு கிளாஸ் குளிர்ந்த காப்பியோடு வந்து நின்றான்.

பத்து மணிக்கு அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பொலிக்ஸேனி திரையைப் பார்க்கவில்லை. தன் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா லெஃப்தெரி, பூச்சி அரிச்ச கம்பளி மாதிரி இருக்கு?" என்றார் அந்தூலா அம்மாள். "நங்கூரத்துல பாதியைக் காணோம். உறையில ஓரத்தையே காணோம். உன் படத்தைவிட பின்னாடி இருக்கற கடல்தான் நல்லா தெரியுது!"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்துது மேடம்." அவன் குரல் செத்திருந்தது.

"நேத்து இருந்துதுன்னா கப்பல்காரன் ஒத்துக்குவானா? சரி, அடுத்தவங்களைக் காட்டு."

அடுத்தது பொலிக்ஸேனியின் கோப்புறை. சிரிப்பு அடங்கியது. யாரோ விசிலடித்தார்கள்.

"அடேயப்பா, எட்டுக் கையாலயும் கடிதம் பிரிக்கற ஆக்டோபஸ்! இத்தனூண்டு கட்டத்துக்குள்ள எப்படிம்மா அடைச்சே?" அந்தூலா அம்மாள் எழுந்தே விட்டார். "நாற்காலி உனக்குத்தான், பொலிக்ஸேனி."

பொலிக்ஸேனி தலை நிமிர்ந்தாள். அவள் வாழ்நாளில் ஒரு ஆக்டோபஸும் வரைந்ததில்லை.

மேசைக்கடியில் லெஃப்தெரிஸ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"வாயைத் திறக்காதே, சிரி. காலைல நான்தான் ரெண்டு பேர் படத்தையும் இடம் மாத்தி வெச்சேன்" என்றான் காதோரம். "ஆனா நீ உயிரைக் கொடுத்து வரைஞ்சதை எந்தப் பாவி இப்படி அரிச்சுப் போட்டுச்சோ, அதுதான் தெரியலை."