‘பிறகு’ என்றொரு பிரிவு

உக்ரைனின் பொல்தாவா நகரில், போர்முனைக்குப் போன அண்ணன் ஒஸ்தாப்பின் கணினிக்கு முன் சொலோமியா காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தாள். அவன் சேர்த்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான வீடியோ கேம்களை அவள் புதிய பிரிவுகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வரேனிகிக் கொழுக்கட்டைத் தட்டுடன் வந்த தந்தை யாரெமா அறை வாசலிலேயே நின்றார்.

“அவன் அடுக்கி வெச்சதை ஏம்மா கலைக்கிற? ‘மழை நாளுக்கு’, ‘தூக்கம் வராதப்ப’ன்னு எவ்வளவு ஆசையாப் பேர் வெச்சிருந்தான்.”

“அதைக் கலைக்கலப்பா. புதுசா ரெண்டு பிரிவு சேர்க்கறேன். கரண்ட் போறதுக்குள்ள முடிக்கணும்.”

“அடுக்கறவ எதுக்கு ஒவ்வொண்ணா விளையாடிப் பார்க்கற? அதுவும் தோத்துக்கிட்டே இருக்க. ஒஸ்தாப் இருந்தா சிரிச்சிருப்பான்.”

பந்தயத்தில் சொலோமியாவின் கார் மறுபடியும் சுவரில் மோதியது. அந்த ஆட்டத்தை ‘பிறகு’ என்ற பிரிவுக்கு நகர்த்தினாள். அடுத்துத் திறந்த சதுரங்கத்தை ‘இப்போது’ என்ற பிரிவில் சேர்த்தாள்.

“சாப்பிட்டுக்கிட்டே ஆடேன். இன்னொரு கை சும்மாதானே இருக்கு, மகாராணி?”

இடக்கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். அதை வெளியே எடுக்கவில்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் அண்ணன் இதைத்தான்பா திறப்பான். இருக்கிற ஒரு கையால ஆட முடியாதது முதல்ல கண்ணுல படக் கூடாது.”

யாரெமா தட்டை மேசையில் வைத்தார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, தம் இடக்கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு அமர்ந்தார்.

“நகரு. அந்தக் கார்ப் பந்தயத்தை நான் ஒரு தடவை பார்க்கறேன்.”