எதிர் நாற்காலி விதவை

என் மனைவி எர்னெஸ்டீனுக்கு எனக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. நடுவில் பெரிய வட்ட மேசை, அதன் மேல் சுழலும் பலகை நிறையச் சாப்பாடு, சுற்றிலும் முன்பின் தெரியாத ஆட்கள்.

அந்த உணவகத்தில் அப்படித்தான். ஜோடியாகப் போனாலும் காலியான நாற்காலியில்தான் உட்கார வேண்டும். வேண்டிய பாத்திரம் முன்னால் வரும்வரை பலகையைச் சுழற்றிக்கொள்ளலாம். யாராவது கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தால் மட்டும் மற்றவர்கள் பலகையைச் சுழற்றக் கூடாது.

பிரிந்து உட்கார்ந்தது நல்லதாய்ப் போயிற்று. நான் நெடுஞ்சாலையை விட்டு இந்த ஊருக்குள் வண்டியைத் திருப்பியதிலிருந்து அவள் முகம் சரியில்லை. இறங்கும்போது ஒரே பேச்சுதான் பேசினாள்.

"இனி இந்த வண்டில ஏறினா என் பேரு எர்னெஸ்டீன் இல்ல. பஸ்ஸப் பிடிச்சு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

பஸ் எதிரே பெட்ரோல் பங்கில்தான் நிற்குமாம், அதையும் விசாரித்து வைத்துவிட்டாள். புருஷன் ஒரு தட்டுப் பொரித்த கோழிக்கு ஆசைப்பட்டான் என்று அவனை விட்டுப் போகிறவளை மிசிசிப்பி மாநிலம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது.

அவளுக்குப் பக்கத்தில் ஊதா நிறத் தொப்பியோடு ஒரு பெரிய அம்மாள். மிஸ் ஓபல் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள்தான் அந்த மேசைக்கு மகாராணி. உடனே விசாரணையை ஆரம்பித்தாள்.

"தனியாவா வந்தே, கண்ணு? வீட்டுக்காரர் எங்கே?"

"போய்ச் சேர்ந்துட்டாரு," என்றாள் எர்னெஸ்டீன்.

எனக்குச் சோள ரொட்டி புரையேறியது. பக்கத்திலிருந்த லாரிக்காரர் முதுகில் ஓங்கித் தட்டினார்.

மேசை முழுக்க உச்சுக்கொட்டியது. ஒருவர் சீஸ் மக்ரோனியை அவள் பக்கம் திருப்பினார், இன்னொருவர் கோழித் தட்டையே கொண்டுபோய் நிறுத்தினார். அவள் கீரைப் பாத்திரத்தில் கரண்டியை விட்டு அப்படியே பிடித்துக்கொண்டாள். விதி விதிதான். நான் கோழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எப்படிம்மா போனாரு?"

"பிடிவாதத்துல."

"அதெல்லாம் ஒரு வியாதியா?" என்றார் லாரிக்காரர்.

"எங்க வீட்டுல அதுதான் பெரிய வியாதி."

பிறகு என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். நான் பழுதுபார்த்த குளிர்பெட்டியில் அன்றிலிருந்து பால் உறைகிறதாம், ஐஸ் உருகுகிறதாம். தேவாலயத்தில் நான் வாய் திறந்தால் பாடகர் குழு வாயை மூடிக்கொள்ளுமாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தன் சாவு வீட்டில் தானே சிரித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

"ஆனா இடி இடிச்சா எனக்கு ஆகாது," என்றாள். "எந்நேரமானாலும் எந்திரிச்சு, சீட்டுக்கட்ட எடுத்துட்டு வந்து என்னோட விளையாடுவாரு. எனக்காக வேணும்னே தோத்துப் போவாரு."

அது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு இத்தனை வருஷம் தெரியாது.

மிஸ் ஓபல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்புறம் என்னதான் ஆச்சு, கண்ணு?"

"நெஞ்சுல அடைப்பு. மறுநாள் காலைல ஜாக்சன் ஆஸ்பத்திரில ஆபரேஷன். ரெண்டு பேரும் கிளம்பிட்டோம். பாதி வழியில பயந்துட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்ல, கோழி சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு வண்டியத் திருப்பிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. எர்னெஸ்டீன் நடிக்கிறாள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. அவள் சொன்னது நிஜம். பயம்தான். அதை அவளிடம் சொல்ல எனக்குத்தான் வாய் வரவில்லை.

மிஸ் ஓபல் கைக்குட்டையால் தன் மூக்கைச் சிந்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். பார்வை என் மேல் வந்து நின்றது. தலை முதல் இடுப்பு வரை அளந்தாள்.

"ஏன் தம்பி, ரொம்ப நேரமா இவளையே பார்த்துட்டிருக்கியே. உனக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

மேசையே என் பக்கம் திரும்பியது.

"இருக்காம்மா," என்றேன். "இப்பவே அவளக் கூட்டிட்டு ஜாக்சன் போகணும். நாளைக்கு ஆபரேஷன்."

"அடப் பாவமே, அவளுக்கா?"

"இல்ல, எனக்கு."

எதிரே என் விதவை கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.