நீளமான வாழ்த்து

பட்டமளிப்பு மேடையில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பேசும் இயந்திரம் தனித்தனியாக ஊக்க வார்த்தை சொன்னது. அவரவர் எதிர்காலத்தைக் கணித்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும் அது பேசும். ஒரு டாக்டரின் மகன் பட்டம் வாங்கியபோது, "வாழ்த்துகள்" என்பதோடு நிறுத்திக்கொண்டது.

பெற்றோர் வரிசையில் இருந்த, கல்குவாரியில் ஜல்லி சுமக்கும் பூங்காவனத்துக்குப் பொறுக்கவில்லை. "படிச்ச புள்ளைக்கு நாலு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடும்? கஞ்சப் பிசினாறி மிஷினு!"

"சும்மா இரு, மானத்த வாங்காத" என்றார் அவள் கணவர் ஏழுமலை.

அவர்கள் மகள் தன்ஷிகா மேடை ஏறினாள். "தன்ஷிகா, மனம் தளராதீர்கள். கதவுகள் திறக்காமல் போகலாம். அது உங்கள் குற்றமல்ல..." என்று தொடங்கிய இயந்திரம் நிறுத்தவே இல்லை.

"கேளுய்யா! நம்ம பொண்ணுக்குத்தான் விடாம பேசுது!" பூங்காவனம் எழுந்து நின்று, காய்ப்பேறிய கைகளால் ஓங்கித் தட்டினாள். அரங்கில் வேறு யாரும் தட்டவில்லை. மேடையில் தன்ஷிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த பட்டுப்புடவைக்காரி, பூங்காவனத்தின் முந்தானையை மெல்ல இழுத்தாள். "உக்காருங்கம்மா. வேலை கெடைக்கிற புள்ளைங்களுக்கு அது இவ்ளோ பேசாது."

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன.

இயந்திரம் கனிவான குரலில் முடித்தது: "எந்த உழைப்பும் இழிவல்ல, தன்ஷிகா. உங்கள் அம்மாவைப் போலக் கல் சுமப்பதும் கௌரவமான வேலைதான்."

"அதத்தான் நான் சொமந்துகிட்டிருக்கனே" என்றாள் பூங்காவனம், மேடையைப் பார்த்து. "அவளுக்கு எதுக்கு?"

இயந்திரம் அடுத்த பெயரை அழைத்தது.